ஐந்தாம் மாடிக்கு ஓர் ஆள்

"மேசையைப் பாத்தியா? இதையெல்லாம் உங்க மாமா வந்து அடுக்குவாரா?"

தோளிலிருந்து பையை இறக்குவதற்குள் பொறுப்பாளர் அம்மாவின் குரல் வந்துவிட்டது. பல்கலைக்கழக நூலகத்தில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குக் காலை வணக்கம் இதுதான். கீழ் மாடிகளில் வேலை பார்க்கும் மாணவர்கள் அந்த அம்மாவுக்கு 'இடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். இடி மட்டும்தானாம், மழையே பெய்யாதாம்.

ஐந்தாம் மாடியின் மூலை மேசையில் புத்தகங்கள் குவிந்து கிடந்தன. நேற்று மாலை அவள் காலி செய்து, துடைத்துவிட்டுப் போன மேசை.

"நேத்துதானே மேடம் எல்லாத்தையும் அடுக்கினேன்..."

"நேத்து சாப்பிட்டேன்னு இன்னிக்குச் சாப்பிடாம இருக்கியா? ஒவ்வொண்ணையும் ஸ்கேனர்ல காட்டு. பீப்னு சத்தம் வந்தப்புறம்தான் அலமாரிக்குப் போகணும். ஒண்ணு விட்டுப்போச்சு, தோலை உரிச்சிடுவேன்!"

சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். அந்த நாற்காலியை விட்டெழுந்து அவர் ஒரு புத்தகத்தைத் தொட்டு அவள் பார்த்ததில்லை.

அவள் ஸ்கேனரைக் கையில் எடுத்தாள். பேசாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம். உள்ளே கொதிப்பதும்தான்.

கிணற்று நீர் அறிக்கை. தறி இயந்திரப் பராமரிப்பு, இரண்டாம் பாகம். துறைமுகத்தில் தூர் வாருவது எப்படி. எந்தப் பிறவி இதையெல்லாம் படிக்கிறது? படித்தாலாவது பரவாயில்லை. நாற்காலி மேசைக்குள் தள்ளியபடியே இருந்தது. எந்தப் பக்கமும் திறந்த சுவடில்லை. எவனோ வேண்டுமென்றே இழுத்துப் போட்டுவிட்டுப் போகிறான். பழைய தோல் அட்டைகள் தொட்டாலே உதிர்ந்தன. அந்தச் செம்பொடி நகக்கண்ணில் ஏறிக்கொண்டு, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் நின்றது.

வேலையைத் தூக்கி எறிந்துவிட்டும் போக முடியாது. அண்ணன் தெளிவாகச் சொல்லியிருந்தான்: "விடுதிச் செலவை நீயே பாத்துக்கிட்டா படி. முடியலைன்னா வந்து கடையில உக்காரு. பில் போட ஆள் இல்லாம நான் திண்டாடறேன்."

வேலைக்கான நேர்முகத் தேர்வில் அதைச் சொன்னபோது அவள் குரல் உடைந்துவிட்டது. எதிரே இருந்த பொறுப்பாளர் அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கல் நெஞ்சு. அதன்பின் பல வாரம் பதிலே இல்லை. பெட்டியைக் கட்டி வைத்திருந்த நாளில்தான் திடீரென்று அழைப்பு வந்தது. கழுத்தில் தொங்கும் இந்த அடையாள அட்டை அப்படிக் கிடைத்தது.

"மேடம், யாருன்னு கண்டுபிடிக்கக் கூடாதா? ஒருநாள் மறைஞ்சு நின்னு பாத்தாத் தெரிஞ்சிடும்."

"உனக்கு என்ன வேலை குடுத்திருக்கு?"

"அடுக்கற வேலை."

"அப்ப அதைப் பாரு. துப்பறியற வேலை இங்க காலி இல்ல."

அன்றைக்கு அவளுக்குள் ஏதோ அறுந்தது. மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் நேரே நூலகரின் அறைக்குப் போனாள்.

"தினமுமா?" நூலகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தினமும் சார். படிக்கறதுக்கு இல்ல, வம்புக்குன்னே இழுத்துப் போடறாங்க. மேடம்கிட்ட சொன்னா என்னையே கடிக்கறாங்க. தெரிஞ்சவங்க யாரையோ காப்பாத்தறாங்கன்னு நினைக்கிறேன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. கோபத்தை ஒருவரிடம் இறக்கி வைப்பதில் இவ்வளவு சுகம் இருப்பது அவளுக்கு இதுவரை தெரியாது.

நூலகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"படிக்கறவங்க கூடிப்போச்சுன்னுல்ல ஸ்கேனர் கணக்கு சொல்லுது? அதை நம்பித்தானே ஐந்தாம் மாடிக்குன்னு ஒரு ஆளைப் போட்டேன்... சரி, நல்லவேளை நீ வந்து சொன்னே. நாளைக்குக் கதவு திறக்கறதுக்கு முன்னாடி நானே போய்ப் பாக்கறேன்."

மறுநாள் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

மேசை காலி. ஒரு புத்தகம்கூட இல்லை. சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக அந்த மாடியில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பொறுப்பாளர் அம்மா நாற்காலியில் இல்லை. மூலை மேசையருகே நின்றிருந்தார்.

"பிடிச்சிட்டாங்களா மேடம்?"

"பிடிச்சிட்டாங்க."

"எந்தத் துறை? ஆளைக் காட்டுங்க மேடம். நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கணும்."

"கேளு."

அவள் காத்திருந்தாள். அந்த அம்மா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. தலைக்கு மேலே குழல்விளக்கு ஒன்று முனகிக்கொண்டிருந்தது.

"புத்தகம் இறங்கினாத்தான் கணக்கு ஏறும். கணக்கு ஏறினாத்தான் இந்த மாடிக்கு ஆள்." இடி இல்லை. தூறல் போல ஒரு குரல். "உன் அட்டையைக் கழட்டிக் குடு. உங்க அண்ணன்கிட்ட வேணும்னா நான் பேசிப் பாக்கறேன்."

நீட்டிய கையில் ஏற்கெனவே ஓர் அட்டை இருந்தது. அது அவருடையது. அதைப் பிடித்திருந்த விரல்களின் நகக்கண்ணெல்லாம் செம்பொடி.