குலுக்கலில் வந்த வீடுகள்

“மேடம், தனியா இருக்கற வயசானவங்கள்ல நம்ம ஆளுங்க வாராவாரம் போய்ப் பார்த்தவங்கதான் கூடுதல் செத்திருக்காங்க,” என்றார் உதவியாளர் பத்மகுமார்.

முதியோர் பற்றிய அந்த ஆய்வை நடத்தும் சுப்ரியா சிரித்தாள். “சீக்காளி வீட்டுக்குத்தான் டாக்டர் போவார். அதுக்காக டாக்டராலதான் சாவுன்னு சொல்லுவேளா?”

“போகாத வீட்டுலயும் அதே வயசு, அதே சீக்கு. நீங்க சொல்லித்தானே சீட்டுக் குலுக்கி வீடு பிரிச்சோம், அல்லே?”

சிரிப்பு நின்றது. இறந்த ஒன்பது பேரின் படிவங்களைப் புரட்டினாள். ஒன்பதிலும் ஒரே தன்னார்வலரின் கையெழுத்து: அபிஜித்.

“இன்னிக்கு அவன் எங்கே?”

“கரமனையில.”

செல்பேசி அதிர்ந்தது. கரமனையில் தனியாக இருக்கும் அம்மா. குலுக்கலில் அவள் பெயரும் வந்திருந்தது.

“உன் ஆபீஸ் அபிஜித் வந்திருக்கான்டி. என்ன மரியாதை! என்னை எழுந்திருக்கவே விடலை. அவனே காப்பி கலந்துண்டிருக்கான்.”