இந்த வாரம் திருத்தம் இல்லை

கோமதிநாயகம் ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும் அவருடைய தொழில்நுட்ப, வணிகப் பத்தி நிற்கவில்லை. வியாழன்தோறும் பத்திரிகையின் செயற்கை நுண்ணறிவு இயந்திரம் அவர் நடையிலேயே எழுதியது. ஒவ்வொரு வாசகருக்கும் வேறு வேறாக, அவரவர் மனசறிந்து. தப்பாக ஒரு வரி வந்தால் திருத்தம் போடும் உரிமை மட்டும் அவரிடம் இருந்தது. முப்பது வருடத்தில் ஒரு பிழையையும் அவர் விட்டுவைத்ததில்லை.

அன்று காலை மனைவி செண்பகவல்லி கைபேசியில் தனக்கு வந்த பத்தியைப் படித்துவிட்டு, காபி ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் வாங்கிப் பார்த்தார். பேட்டரி ஆலைகளின் லாபத்துக்கு நடுவே ஒரு வரி இருந்தது: 'முதல் ஆலையைப் பார்க்கப் போன ரயிலில், வழி முழுக்க மனைவியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.'

அந்த ரயிலில் அவர் நினைத்தது பங்கு விலையை மட்டும்தான். தன் கைபேசியில் இருந்த திருத்தப் பொத்தானுக்கு விரல் தானாகப் போனது.

"நெசமாவா?" என்றாள். "இத்தன வருசத்துல ஒரு தடவகூட சொல்லலியே நீங்க."

இளவெயில் அவள் நரையில் மிதந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு ரயில் மெதுவாகப் போவது போலிருந்தது அவருக்கு. விரலை எடுத்துக்கொண்டார்.

"சன்னலோர சீட்டு," என்றார். "ஒனக்குன்னு துண்டு போட்டு வச்சிருந்தேன்."