டச்சப் இல்லாத படம்

"நாளைக்குப் பேட்டி எடுக்க வர்றவங்ககிட்ட உடைச்சுச் சொல்லிடப் போறேம்பா. உங்ககிட்டேருந்து நான் எதையும் கத்துக்கல!"

போட்டோ ஸ்டூடியோவில் அப்பா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. யாரோ ஒரு மாப்பிள்ளையின் முகப்பருக்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முதல் ஓவியக் கண்காட்சி. சந்தோஷமா இருக்காம ஏம்மா சண்டை?"

"ஸ்டூடியோக்காரர் பொண்ணு, அப்பா கை அப்படியே வந்திருக்குன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. எரிச்சலா வருது. இந்தப் பொய் டச்சப் வேலையும் என் வேலையும் ஒண்ணா? நான் உள்ளது உள்ளபடி வரையறவ."

"சரி, அப்படியே சொல்லிடு" என்று அடுத்த பருவுக்குப் போனார் அப்பா.

அந்தப் பதில் மகளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. விறுவிறுவென்று தான் படம் வரையும் வாடகை அறைக்கு நடையைக் கட்டினாள்.

வாசலிலேயே அம்மா காத்திருந்தாள். "என்னை வரைஞ்சியே, இன்னும் கண்ணுல காட்டலையே!"

மூன்று மாத உழைப்பு. கண்காட்சியின் முக்கியமான படம். உள்ளே போய்ப் படத்தை மூடியிருந்த துணியை விலக்கிவிட்டு மகள் ஜன்னலுக்குப் போனாள். திரும்பி வந்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த தூரிகையை இரண்டு தடவை கழுவினாள்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏதாவது சொல்லித் தொலையேம்மா!"

"நல்லா இருக்குடி. நரையை விடல. கண்ணுக்குக் கீழ சுருக்கத்தையும் விடல."

"பின்னே? டச்சப் பண்ண நான் என்ன அப்பாவா?"

"ஆனா இதைக் காணோமே?" அம்மா தன் இடது கன்னத்தைத் தொட்டாள். காதிலிருந்து தாடை வரை பழைய தீக்காயத் தழும்பு. படத்தில் அந்த இடம் வழவழவென்று இருந்தது.

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"மூணு தடவை வரையப் பார்த்தேம்மா. மனசு வரல. நாலு பேர் பார்ப்பாங்களே, உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"அப்பாகிட்ட வர்றவங்களும் அதைத்தானே சொல்றாங்க?"

அவள் மறுபடியும் தூரிகையைக் கழுவப் போனாள்.

"வீட்டுல என் போட்டோ எதையாவது ஒரு தடவை நல்லாப் பாருடி" என்றாள் அம்மா. "நானே கெஞ்சிக் கேட்டும், இந்தத் தழும்பை மட்டும் இருபத்தஞ்சு வருஷமா அந்த மனுஷன் அழிச்சதே இல்ல."