பானெட்டில் ஒரு வெள்ளைத் திட்டு

நாளைக் காலையில் ஆவூர் கோயிலுக்கு மணப்பெண்ணை ஏற்றிப் போக வேண்டிய கறுப்பு வாடகைக் கார், வேப்பமரத்தடியில் நனைந்து நிற்கிறது. பெண், சவரிமுத்துவின் தங்கை மகள். கார் அவருடையது. போன வாரம் தானே பெயிண்ட் அடித்து, இன்று தானே தேய்க்கிறார். உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் முக்கி முன்பக்கப் பானெட்டின் மேல் இழுக்க இழுக்க, மை கரைந்தாற்போல் நுரை முழங்கையில் வழிகிறது. சொரசொரப்பு அடங்கிவிட்டது, இனி பாலிஷ் போட்டால் முடிந்தது. “ஏங்க, நடுவுல வெள்ளையா ஒரு திட்டு இருக்கே,” என்கிறாள் வாசற்படியில் நிற்கும் மனைவி அற்புதமேரி. அவர் குனிந்து பார்க்கிறார், ஒன்றுமில்லை. இருந்தாலும் தேய்க்கிறார்.

“இப்ப?”

“அப்படியேதான் இருக்கு. இன்னுங் கொஞ்சம் அங்கிட்டு.”

“என் கண்ணுக்குத் தெரியலையே!”

“மூஞ்சிய அதுலயே வச்சிக்கிட்டிருந்தா எப்படித் தெரியும்? பொண்ணு ஏறுற வண்டி. ஊரே பார்க்கும்.”

பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தித் தேய்க்கிறார். தாளின் சத்தம் மாறுகிறது. கையை எடுத்தால், பளபளக்கும் கறுப்புக்கு நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு அடியில் பூசிய செங்காவி சிரிக்கிறது. “அடிப்பூச்சு வந்துருச்சுடி, பாவி!” உப்புத்தாள் வாளிக்குள் போய் விழுகிறது. “என்னைய ஏன் வையிறீங்க? வெள்ளை இன்னும் போகலையே,” என்று முணுமுணுத்தபடி அற்புதமேரி காருக்கு அந்தப்பக்கம் போய், நாளைக்கு அவர் கட்டவேண்டிய எட்டு முழ வேட்டியைக் கொடியிலிருந்து உருவுகிறாள். ஈரப் பானெட்டில் வெள்ளைத் திட்டு நெளிந்து, நழுவி, விளிம்போடு மறைகிறது. நிமிர்ந்து நின்ற சவரிமுத்து அது போவதைப் பார்க்கிறார். சிவப்பு மட்டும் அசையாமல் இருக்கிறது.