பன்னிரண்டு படங்கள்

மாமா தப்பான படத்தைத் தொடும்போதெல்லாம் தணிகாசலத்துக்கு நிம்மதியாக மூச்சு வரும். பைக் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து கைகால் விழுந்துபோய், நினைவும் தடுமாறிய அக்கா புருஷனுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆட்டம் அது. ஒருமுறை காட்டிவிட்டுக் கவிழ்க்கும் படங்களின் ஜோடியை நினைவில் வைத்து, வாயில் கவ்விய குச்சியால் திரையைத் தட்ட வேண்டும். டேப்லெட்டைத் தணிகாசலம்தான் தினமும் அவர் முகத்துக்கு நேரே பிடித்திருப்பான். அன்று வண்டியை ஓட்டியவன் அவன். மாமா ஓட்டினார் என்று போலீசில் எழுதிக்கொடுத்தவனும் அவன். இன்றைக்குப் பன்னிரண்டு படங்களும் ஒரு பிசகில்லாமல் திறந்துகொண்டன.

“பாத்தியாடா, மாமாவுக்கு ஞாபகம் வந்துடுச்சுடா!” அக்கா தேம்பினாள்.

“இன்னொரு ஆட்டம் வெக்கட்டுமா மாமா?” என்றான் அவசரமாக.

குச்சி திரையை விட்டு மெல்ல உயர்ந்தது. அவன் சட்டைப் பொத்தானில் வந்து நின்று, ஒருமுறை தட்டியது.