சத்தம் மட்டும் இருக்கட்டும்

"ஸ்டீயரிங் ரோட்டோரத்து உப்பள வாய்க்கால் பக்கமா இழுத்துட்டுப் போவுது. அதை மட்டும் சரி பண்ணு. சத்தம் இருக்கட்டும்" என்றார் சவரிநாதன்.

மெக்கானிக் கலையரசனுக்கு எரிச்சலாக வந்தது. "பெரிய வீல் போட்டு, ஸ்பிரிங்கை மாத்தி வண்டியைத் தாழ்த்தினா இழுக்கத்தான் செய்யும். திரும்பினா டயர் உரசுது, ஸ்பீடு பிரேக்கர்ல அடி இடிக்குது. பழைய ஸ்பிரிங்கே போட்டுடலாம்."

"வேணாம்பா."

"இதெல்லாம் உங்க பையன் வேலைதானே? நானே பேசுறேன்."

டாஷ்போர்டில் கிடந்த பழைய பில்லில் பையன் ஜெஸ்வினின் நம்பர் இருந்தது. அடித்தான். சவரிநாதனின் சட்டைப் பையில் போன் ஒலித்தது.

கலையரசன் நிமிர்ந்து பார்த்தான்.

"வர்ற கல்லறைத் திருநாளோட அவன் போயி ரெண்டு வருஷம் ஆவுதுப்பா. அவங்கம்மாவுக்கு எதுவும் ஞாபகத்துல நிக்கறதில்ல. ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் புதுசா அழுவுறா. அதனால சொல்றதையே விட்டுட்டேன்."

போனை அணைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"சாயந்தரம் கோயிலாண்ட ஸ்பீடு பிரேக்கர்ல இந்த வண்டி இடிக்கிற சத்தம் கேட்டாத்தான், 'தம்பி வந்துட்டான்'னு எழுந்து மூணு தட்டு எடுத்து வைப்பா. நான் உள்ள போறதுக்குள்ள, மூணாவது தட்டு யாருக்குன்னு மறந்துட்டு, சாப்பிட உக்காந்துடுவா."