வீங்காத கை

திருவரங்குளத்தில் காசநோய்ச் சோதனைக்கு ஊசி போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. ஊசி போட்ட இடம் வீங்கினால், கிருமி உடம்புக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். வீக்கத்தை ஸ்கேல் வைத்து அளப்பது சுகாதார ஊழியர் அடைக்கலத்தின் வேலை. ஊரையெல்லாம் அளந்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், ஆறு வயது மகள் செண்பகத்தின் முன்கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எத்தனை தடவ தடவுனாலும் ஒண்ணுமில்லீங்க,” என்று சிரித்தாள் மனைவி அமராவதி. “பக்கத்து வீட்டுப் பயலுக்கு எலந்தப்பழமாட்டம் வீங்கிக் கெடக்கு. நம்ம புள்ள கை வழவழன்னு இருக்கு. சொந்தப் புள்ளைக்கு அளக்க ஒண்ணுமில்லையேன்னு வருத்தமா?”

அடைக்கலம் சிரிக்கவில்லை.

“போன வருசம் இவளுக்குப் பதினாறு மில்லிமீட்டர் வீங்குச்சு. ஞாபகமிருக்கா?”

“அதான் இப்பச் சரியாப் போச்சே!”

“சரியாகலை, அமராவதி. கிருமி ஒருதடவ உள்ள போயிட்டா, பின்னால எப்ப ஊசி போட்டாலும் வீங்கணும். ஒடம்பு கிருமியோட சண்டை போடுறதுதான் அந்த வீக்கம். மணல்வாரி அம்மை எறங்குனதுலேருந்து இருமி இருமி எளைச்சுப் போயிட்டா. சண்டை போட இப்ப ஒடம்புல தெம்பில்லை. கெளம்பு, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

அமராவதி மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். ஊசி போட்ட இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

“நாளைக்குள்ள கொஞ்சமாச்சும் வீங்கிராதாங்க?” என்றாள்.